எண் 5.6.1, உள்ளே 5.4.5

2024 மார்ச் 28, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி, ஈஸ்டர் விடுமுறை தொடங்கும் நேரம். அன்று டெபியன் லினக்ஸின் கிடங்குக்கு ஒரு புதிய பேக்கேஜ் வந்து சேர்ந்தது. பெயர் எக்ஸ்இசட்-யூட்டில்ஸ். பதிப்பு எண்: 5.6.1+ரியலி5.4.5-1.

தட்டச்சுப் பிழையோ என்று தோன்றும். இல்லை. வெளியே 5.6.1 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 5.4.5 என்று பேக்கேஜ் கட்டியவரே பெயரில் ஒத்துக்கொள்கிறார். புதிய பதிப்பு கெட்டுப்போய்விட்டது, பழையதுக்குத் திரும்ப வேண்டும்; ஆனால் கணினிகளுக்குத் திரும்பிப் போகத் தெரியாது. அதற்காகச் செய்த ஏற்பாடு இது.

கெட்டுப்போனது என்பதுகூட மென்மையான சொல்தான். எக்ஸ்இசட் ஒரு கோப்புச் சுருக்கி. வெளியே தெரியாத வேலை, ஆனால் டெபியன் பேக்கேஜ்களே அதில் சுருக்கப்பட்டுத்தான் வருகின்றன. 2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அந்தத் திட்டத்துக்குச் சின்னச் சின்ன உதவிகள் செய்ய ஆரம்பித்தார். அதைப் பல வருடங்களாகத் தனியாளாகப் பராமரித்துக் களைத்திருந்த லாஸ்ஸே காலின் மெல்ல மெல்ல அவரிடம் பொறுப்பை விட்டார். 2024 பிப்ரவரி 24இல் 5.6.0 வெளிவந்தது. உள்ளே ஒரு பின்கதவு. எஸ்எஸ்எச் வழியாக உலகின் எத்தனையோ சர்வர்களுக்குள் சத்தமில்லாமல் நுழைய வழி செய்வது அது.

பிடிபட்டது அரை வினாடியால். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தன் டெபியன் கணினியில் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் எடுத்தது. சிபியுவையும் சற்று அதிகமாகத் தின்றது. பெரும்பாலோர் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் தோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று விஷயம் உலகத்துக்கே தெரிந்தது. டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கு அதற்கு முன்பே சொல்லிவிட்டதால்தான் முதல் நாளே மாற்று தயாரானது.

பேக்கேஜர்களின் முன்னால் இருந்த கேள்வி கேட்க எளிது: எந்தப் பதிப்புக்குத் திரும்புவது?

5.6.1 வேண்டாம், 5.6.0 வேண்டாம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கு முந்தையது? டெபியனின் சோதனைக் கிளையான டெஸ்டிங்கில் முன்பு ஓடிக்கொண்டிருந்தது 5.4.5. பழகிய பதிப்பு, பழைய அமைப்பு. ஆனால் 2023 மார்ச்சில் வந்த 5.4.2 முதலே வெளியீடுகளைக் கட்டி அனுப்பியவர் ஜியா டான்தான். அப்படியானால் 5.4.5ஐயும் தயாரித்த கை அதே கை. அந்தக் கை படாத பதிப்பு வேண்டுமென்றால் இன்னும் கீழே, 5.4க்கும் முன்னால் இறங்க வேண்டும் என்று டெபியனுக்குள்ளேயே கோரிக்கை எழுந்தது.

நியாயமான கோரிக்கை. நடைமுறையில் அதற்கு முட்டுக்கட்டை இருந்தது. பல சிபியு கோர்களில் ஒரே நேரத்தில் விரிக்கும் வசதி 5.4இல்தான் முறையாக வந்தது. டெபியனில் பேக்கேஜ்களைப் பிரித்து நிறுவும் டிபிகேஜி அந்த வசதியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. எக்ஸ்இசட்டைக் கீழே இறக்கினால் டிபிகேஜியையும் திருத்த வேண்டும். அவசரத்தில் பேக்கேஜ் மேலாளரையே உடைத்துவைத்தால் திருத்தத்தை அனுப்பும் வழியே அடைபட்டுப்போகும். எனவே முதல் நாள் 5.4.5 வந்தது. அது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்பதால் அல்ல. பின்கதவு அதில் இல்லை என்று தெரியும், வேறு எதையும் உடைக்காது என்றும் தெரியும். அந்த வியாழக்கிழமைக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. அடுத்த வாரங்களில் பலர் பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தார்கள். லாஸ்ஸே காலின் தானே எல்லாவற்றையும் திரும்பப் படித்து மே 29 அன்று 5.2.13, 5.4.7, 5.6.2 என்று மூன்று கிளைகளிலும் ஒரே நாளில் புதிய வெளியீடு கொடுத்தார்.

இதே சமயம் டெபியனின் அன்றைய ஸ்டேபிள் பதிப்பான 'புக்வோர்ம்' பயனர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர்களிடம் இருந்தது 5.4.1. லாஸ்ஸே காலின் கட்டிய அந்தக் காலகட்டத்தின் கடைசி வெளியீடு அது. புக்வோர்ம் 2023 மார்ச் 12 அன்று கடும் உறைநிலைக்குப் போனது, அதாவது இனிப் புதிய பதிப்புகளுக்கு அனுமதி இல்லை என்ற கட்டத்துக்கு. ஜியா டானின் முதல் வெளியீடு 5.4.2 வந்தது மார்ச் 18 அன்று. ஆறு நாள் இடைவெளி. இதைத் தீர்க்கதரிசனம் என்று சிலர் கொண்டாடினார்கள். நேர்மையாகப் பார்த்தால் நாட்காட்டியின் தயவு. பழமையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் டெபியனுக்கு நல்லது செய்தது உண்மை. ஆனால் ஆபத்து எங்கிருந்து வரும் என்று தெரிந்து யாரும் அந்தத் தேதியைக் குறிக்கவில்லை.

மற்ற லினக்ஸ் விநியோகங்கள், அதாவது டிஸ்ட்ரோக்கள், அந்த வாரம் என்ன செய்தன என்று பார்ப்பது சுவாரசியம். ஓபன்சூசே டம்பிள்வீட் டெபியனைப் போலவே பழையதுக்கு இறங்கியது. எண்ணில் மட்டும் வேறு பாணி. அவர்கள் வைத்த பெயர் '5.6.1.ரிவர்ட்டு5.4'. ஆர்ச் லினக்ஸ் பின்வாங்கவே இல்லை. பின்கதவை இயக்கிவைக்கும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டித் தரப்படும் டார்பாலில் மட்டும் நுழைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஆர்ச் அதே 5.6.1ஐ கிட்டிலிருந்து நேரடியாகக் கட்டி 5.6.1-2 என்று வெளியிட்டது. எண் அதேதான், ஊற்று மட்டும் வேறு. அதோடு ஆர்ச்சின் எஸ்எஸ்எச் சர்வர் இந்த நூலகத்தோடு இணைக்கப்படுவதில்லை என்பதால் நெருக்கடியும் குறைவு.

கெட்டிக்காரத்தனமான முடிவுதான். ஆனால் அடுத்த நாளே கிட் களஞ்சியத்திலும் ஒரு விஷமம் கண்டுபிடிக்கப்பட்டது. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் சின்ன நிரலில், வரியின் தொடக்கத்தில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளியால் சோதனை எப்போதும் தோற்கும், வசதி எப்போதும் அணைந்தே இருக்கும். திருத்தப்பட்ட வரிகளின் நடுவே அந்த ஒற்றைப் புள்ளி யார் கண்ணிலும் படவில்லை. சீமேக் என்ற கருவி மூலம் கட்டுபவர்களுக்கு மட்டுமே அது பாதிப்பு என்பதால் ஆர்ச் தப்பியது.

உபுண்டுவுக்குத்தான் பெரிய தலைவலி. 24.04 வெளிவர ஒரு மாதம்கூட இல்லை, பீட்டா ஏப்ரல் 4 அன்று வர வேண்டும். எக்ஸ்இசட்டை மட்டும் மாற்றினால் போதுமா? பேக்கேஜ்களைக் கட்டிய கணினிகளிலேயே அந்த நூலகம் இருந்திருக்கலாமே. அங்கே கட்டப்பட்ட மற்றவை? பிப்ரவரி 26க்குப் பிறகு கட்டிய அத்தனை பைனரிகளையும் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி கட்டினார்கள். பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போய் ஏப்ரல் 11 ஆனது. ஏப்ரல் 25 அன்று வெளியான 24.04இல் போனது டெபியனின் அதே 'ரியலி' பேக்கேஜ். இன்றும் அந்த உபுண்டுவில் பேக்கேஜ் பட்டியலைப் பார்த்தால் எக்ஸ்இசட் 5.6.1 என்றே தொடங்கும். எக்ஸ்இசட்டையே கூப்பிட்டு 'உன் பதிப்பு என்ன' என்று கேட்டால் 5.4.5 என்று சொல்லும். முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அலறியடித்து ஓடி வரும் சிஸ்டம் நிர்வாகியைக் குறை சொல்ல முடியாது.

ஏன் இந்தச் சுற்றி வளைப்பு? 5.4.5 என்றே பெயர் வைத்து அனுப்பினால் என்ன?

அனுப்பலாம், யாருக்கும் போய்ச் சேராது. ஏபிடி போன்ற பேக்கேஜ் மேலாளர்கள் கையில் இருக்கும் எண்ணையும் கிடங்கில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டு, பெரியது கிடைத்தால்தான் அப்டேட் செய்யும். இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. ஏற்கெனவே 5.6.1 போட்டுக்கொண்ட கணினி 5.4.5ஐப் பார்த்துவிட்டு 'என்னிடம் இருப்பதே புதியது' என்று திருப்தியாக உட்கார்ந்துவிடும், பின்கதவோடு. முன்னால் 5.6.1+ என்று ஒட்டினால் அது 5.6.1-1ஐவிடப் பெரிய எண். ஏபிடி மறுபேச்சு இல்லாமல் இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு வழியும் உண்டு. எப்பாக் என்பார்கள். பதிப்பு எண்ணின் முன்னால் ஒரு இலக்கமும் முக்காற்புள்ளியும் போடுவது. 1:5.4.5 என்று எழுதினால், எப்பாக் இல்லாத எந்த எண்ணையும்விட அது பெரியது. 5.6.1 என்ன, 500.0 வந்தாலும் சரி. கேட்க அருமை. ஆனால் ஒருமுறை போட்ட எப்பாக்கை என்றைக்கும் எடுக்க முடியாது. எடுத்தால் எண் மறுபடி சிறிதாகிவிடுமே! டெபியனில் லிப்ரேஆஃபிஸ் 4: என்றும், இமேஜ்மேஜிக் 8: என்றும் தொடங்குவது இப்படித்தான். ஒவ்வொரு எப்பாக்குக்கும் பின்னால் யாரோ ஒருவர் என்றோ எடுத்த முடிவு இருக்கிறது. அந்த முடிவை எடுத்தவர் போனாலும் இலக்கம் போகாது. கோப்பின் பெயரில் எப்பாக் எழுதப்படுவதில்லை என்பதால் 5.4.5-1க்கும் 1:5.4.5-1க்கும் ஒரே கோப்புப் பெயர் வரும். அது தனித் தொல்லை. அதனால்தான் தற்காலிகப் பின்வாங்கலுக்கு எப்பாக் வேண்டாம் என்று டெபியனின் விதிமுறை சொல்கிறது. 'ரியலி' அசிங்கமாகத் தெரியலாம். ஆனால் அடுத்த நல்ல பதிப்பு வந்ததும் சுவடில்லாமல் மறைந்துவிடும். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் இருப்பது சாதாரண 5.8.1.

எல்லா நேரமும் பின்வாங்கல்தான் பதில் என்றும் இல்லை. எக்ஸ்இசட் விவகாரத்துக்குச் சுமார் நான்கு மாதம் முன்பு, 2023 டிசம்பரில், இதே டெபியன் நேர்மாறாக நடந்துகொண்டது.

டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வர வேண்டும். அதில் இருந்த லினக்ஸ் கெர்னல் 6.1.64. கடைசி நேரத்தில் அந்தக் கெர்னல் இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் தரவைச் சிதைக்கக்கூடும் என்று தெரியவந்தது. காரணம் ஒரு நல்லெண்ணம். புதிய கெர்னலில் செய்த ஒரு பழுதுநீக்கத்தை நீண்டகால ஆதரவுக் கிளையான 6.1க்கும் கொண்டுவந்தார்கள். அந்தப் பழுதுநீக்கம் இன்னொரு முந்தைய மாற்றத்தை நம்பியிருந்தது, அதைக் கொண்டுவரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் சரியான வரிகள்தான், அந்த இடத்தில் மட்டும் நாசம்.

12.3இன் வட்டுப் படிமங்களை டெபியன் நிறுத்திவைத்தது. ஆனால் பேக்கேஜ்கள் கிடங்குக்குப் போய்விட்டன, சிலர் இறக்கியும்விட்டார்கள். மறுநாள் டிசம்பர் 10 அன்று 12.4 வந்தது, கெர்னல் 6.1.66ஓடு. விடுபட்டிருந்த அந்த முந்தைய மாற்றத்தைக் கிளையின் மேல்நிலையிலேயே சேர்த்துக்கொண்ட பதிப்பு அது. இங்கே 'ரியலி' தேவைப்படவில்லை. டெபியனில் கெர்னல்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும். புதியது வந்தாலும் பழைய 6.1.55 கணினியிலேயே இருக்கும், பூட் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். பின்வாங்கும் வசதி ஏற்கெனவே பயனர் கையில் இருந்ததால் பேக்கேஜர்களால் தைரியமாக முன்னால் போக முடிந்தது.

அந்த 6.1.66இல் வைஃபை கோளாறு ஒன்று இருந்தது என்பது கதையின் வாலில் உள்ள முள். அதைச் சரிசெய்ய 6.1.67 வந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு மாற்றம், அதுவும் முந்தைய மாற்றத்தை விலக்குவது. அதே விலக்கல் 6.6 கிளையிலும் போனபோது அதன் எண் 6.6.6 ஆகிவிட்டது, சாத்தானின் எண் என்று நிரலாளர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

மூல நிரல் எழுதுபவர்களே எண்ணில் எச்சரிக்கை எழுதிவைத்த நிகழ்வும் உண்டு. 2021இல் கெர்னல் 5.12இன் முதல் சோதனை வெளியீட்டில், ஸ்வாப் கோப்பு பயன்படுத்துகிறவர்களின் வட்டில் தவறான இடத்தில் எழுதும் பழுது தெரியவந்ததும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வெளியீட்டின் அடையாளக் குறியையே மாற்றி 'டோன்ட்யூஸ்' என்று பின்னால் சேர்த்தார்.

இதுவரை பார்த்தவற்றில் கெட்டது எது என்பதிலாவது எல்லோரும் உடன்பட்டார்கள். கஷ்டமான வழக்குகள் வேறு மாதிரி. 2000 செப்டம்பரில் ரெட் ஹேட் லினக்ஸ் 7 வந்தது. அதன் கம்பைலர் ஜிசிசி 2.96. விசித்திரம் என்னவென்றால் ஜிசிசி திட்டம் அப்படி ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை. அதிகாரப்பூர்வ வெளியீடாக இருந்தது 2.95; அதில் சி++ ஆதரவு தேங்கிக் கிடந்தது, ஐஏ-64 போன்ற புதிய சிப்களுக்கு அது போதவில்லை. 3.0 எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, உண்மையில் 2001 ஜூனில்தான் வந்தது. ரெட் ஹேட் வளர்ச்சியில் இருந்த நிரலை எடுத்துத் தானே திருத்தி 2.96 என்று கொடுத்தது. அதில் கட்டிய சி++ நிரல்கள் 2.95ஓடும் ஒத்துப்போகவில்லை, பின்னால் வந்த 3.0ஓடும் ஒத்துப்போகவில்லை. லினக்ஸ் கெர்னலைக் கட்டுவதற்கென்று அதே ரெட் ஹேட் 'கேஜிசிசி' என்ற பெயரில் ஒரு பழைய கம்பைலரையும் கூடவே வைத்துத் தந்தது. ஜிசிசி வழிநடத்தும் குழு அக்டோபரில் அறிக்கை விட்டு, அது தங்கள் வெளியீடு அல்ல என்று கைகழுவியது. குழப்பம் தீர வளர்ச்சிக் கிளையின் எண்ணையே 2.97 என்று தூக்கிவைத்தது. எம்பிளேயர் போன்ற திட்டங்கள் அந்தக் கம்பைலரைக் கண்டாலே கட்ட மறுத்தன. ரெட் ஹேட்டின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது: அந்தக் கம்பைலர் பல விஷயங்களில் 2.95ஐவிட நன்றாகவே வேலை செய்தது, வாடிக்கையாளருக்குத் தேவையும் இருந்தது. அவர்கள் செய்த பிழை எண்ணில்தான். ஊருக்குச் சொந்தமான வரிசையில் இல்லாத ஓர் எண்ணைத் தாமாகச் செருகிவிட்டார்கள். பேக்கேஜின் பின்னொட்டில் தம் கைவேலையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

2008 ஜனவரியில் டெஸ்க்டாப் சூழலான கேடிஇயின் 4.0 வந்தபோதும் இதே இழுபறி. எழுதியவர்கள் அதை அடித்தளம் தயார் என்ற பொருளில் வெளியிட்டார்கள். அன்றாடப் பயனருக்கு 3.5 இன்னும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். பயனர் பார்த்தது முழு எண்ணை: நான்கு புள்ளி பூஜ்யம். ஃபெடோரா 9 மே மாதம் 4.0ஐ மட்டுமே கொடுத்தது. ஓபன்சூசே 11.0 இரண்டையும் வட்டில் வைத்துத் தேர்வைப் பயனரிடம் விட்டது. டெபியன் 2009 பிப்ரவரியில்கூட 3.5.10ஓடுதான் வந்தது. அந்தக் காலத்தில் ஃபெடோராவைப் பயன்படுத்திய டோர்வால்ட்ஸே வெறுத்துப்போய் இன்னொரு டெஸ்க்டாப் சூழலான க்னோமுக்கு மாறினார். இரண்டையும் கொடுத்த ஓபன்சூசேயின் வழிதான் பயனருக்கு மரியாதையானது. பேக்கேஜர்களுக்கோ இரட்டை வேலை.

பழையதைப் பிடித்துக்கொள்வதற்கும் விலை உண்டு, அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள். திரைக்காப்பு நிரலான எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஸவின்ஸ்கி தான் எப்போதோ சரிசெய்த பழுதுகளுக்கு, டெபியன் ஸ்டேபிளில் பழைய பதிப்பை வைத்திருப்பவர்களிடமிருந்து புகார்க் கடிதங்கள் பெற்றுக்கொண்டே இருந்தார். பொறுமையிழந்தவர், பதிப்பு மிகப் பழையதாகிவிட்டால் திரையில் எச்சரிக்கை காட்டும்படி நிரலிலேயே எழுதிவைத்தார். 2016இல் டெபியன் பயனர்களின் திரைகளில் அது எட்டிப்பார்த்ததும் ஒரே ரகளை. எச்சரிக்கையை எடுங்கள் என்றார்கள் சிலர். புதிய பதிப்பைப் போடுங்கள், இல்லையென்றால் என் நிரலையே டிஸ்ட்ரோவிலிருந்து எடுங்கள் என்றார் அவர். அவரைக் கடுகடுப்பானவர் என்று ஒதுக்குவது எளிது. தினமும் அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவர் அவர்தானே.

புதியது வந்ததும் சில நாள் காத்திருப்பது என்ற நடுவழியை டெபியன் இயந்திரமயமாக்கியே வைத்திருக்கிறது. அன்ஸ்டேபிளில் ஏற்றிய பேக்கேஜ் அவசரத்தின் அளவைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாள் அங்கேயே இருக்கும். அதற்குள் கடுமையான பழுது எதுவும் பதிவாகவில்லை என்றால் டெஸ்டிங்குக்கு நகரும். சத்தம் போட்டு உடையும் பதிப்புகளை இந்த வடிகட்டி அழகாகப் பிடிக்கும். எக்ஸ்இசட் 5.6.0 சத்தம் போடவில்லை. கடுமையான பழுது என்று யாரும் பதியவில்லை, அது டெஸ்டிங்குக்கு நகர்ந்தது. சந்தேகத்தைக் கிளறிய சில நினைவகப் பிழைச் செய்திகளையும் 5.6.1 'சரிசெய்தது'. மார்ச் 25 அன்று அதுவரை அதிகம் அறியப்படாத ஒரு பெயர் டெபியனில் தோன்றி, சீக்கிரம் 5.6.1ஐ ஏற்றுங்கள் என்று கேட்டது. புதிய பதிப்புக்காக யார் அவசரப்படுத்துகிறார்கள், ஏன் என்பதையும் பேக்கேஜர்கள் இப்போது பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக் கணினியில் இதே முடிவை எடுக்க வேண்டி வந்தால் வழிகள் எளியவை. டெபியனிலும் உபுண்டுவிலும் ஏபிடி-மார்க் கட்டளையில் 'ஹோல்ட்' போட்டு ஒரு பேக்கேஜை அதே பதிப்பில் நிறுத்திவைக்கலாம். கிடங்கிலிருந்து மறைந்த பழைய பதிப்புகள் டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் 2005 முதல் கிடக்கின்றன. விருப்ப எண்ணை 1000க்கு மேல் வைத்தால் ஏபிடி பின்னோக்கியும் போகும். ஆர்ச்சில் அதன் பேக்கேஜ் மேலாளரான பேக்மேனின் சேமிப்பு அடைவைக் காலி செய்யாமல் வைத்திருந்தால் முந்தைய பதிப்பு அங்கேயே கிடைக்கும். ஆனால் ஒன்றை மட்டும் பழையதாக விட்டு மற்றதையெல்லாம் அப்டேட் செய்வதை ஆர்ச் ஆதரிப்பதில்லை, உடைந்தால் புகார் செய்ய முடியாது. ஹோல்ட் போட்ட பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. அப்டேட்டின்போது நிறுத்திவைக்கப்பட்டவை என்று ஒரு வரி வரும், அதைப் பெரும்பாலோர் வாசிப்பதில்லை. எதையெல்லாம் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று பார்க்க அதே ஏபிடி-மார்க்கில் 'ஷோஹோல்ட்' இருக்கிறது.